ஐஸ் ஆலையிலும் குளிர்க்கிடங்கிலும் அமோனியா: வால்வுக்குப் பின்னால் இருப்பது திரவமா, வாயுவா?

மீன்பிடித் துறைகளுக்குக் கட்டி ஐஸ் செய்யும் ஆலைகளிலும், கோழியும் இறாலும் அடுக்கும் பெரிய குளிர்க்கிடங்குகளிலும் குளிரைச் சுமப்பது அமோனியாதான். விலை குறைவு, குளிரூட்டும் திறன் அதிகம், ஓசோனைக் கெடுக்காது. அதனால் இதை மாற்றச் சொல்லப் போவதில்லை. இந்த வழிகாட்டி மலேசியாவின் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இத்தகைய ஆலைகளில் ஸ்பேனர் பிடிக்கிற மெக்கானிக்குக்கும், அவருக்குப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிற சூப்பர்வைசருக்கும் எழுதியது.

அமோனியா விபத்து என்றதும் துருப்பிடித்த பழைய குழாய் வெடிப்பதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் ஆளைக் காயப்படுத்துவது அதிகமும் அன்றாட வேலை: எண்ணெய் வடிப்பது, ஒரு வால்வை மூடுவது, சிலிண்டரை மாட்டுவது. எந்த வால்வில் கை வைத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே. இதற்குப் பின்னால் இருப்பது திரவமா, வாயுவா? அதே அளவு துளை வழியாகத் திரவம் வெளியேறினால் வாயுவைவிடப் பல மடங்கு எடை வெளியேறும். அந்தத் திரவமும் வெளியே வந்ததும் வாயுவாகும்.

எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

திறந்த வெளியில் அமோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கிறது. 30 டிகிரி வெயிலில் மூடிய பாத்திரத்துக்குள் அது திரவமாக இருக்க வேண்டுமானால் கேஜில் சுமார் 155 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். 35 டிகிரியில் 181. வாயுவைத் திரவமாக்கும் கண்டென்சர், அந்தத் திரவத்தைச் சேர்த்து வைக்கும் ரிசீவர், அங்கிருந்து எக்ஸ்பேன்ஷன் வால்வு வரை வரும் குழாய் எல்லாம் இந்த அழுத்தத்தில் இருக்கின்றன. ஐஸ் உறையவைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் காயிலில் மைனஸ் 15 டிகிரி என்றால் 20 பிஎஸ்ஐ அளவுதான். இந்தப் பக்கத்தை ‘லோ சைட், ஒன்றும் செய்யாது’ என்று அலட்சியப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆலையை நிறுத்திச் சில நாள் விட்டுப் பாருங்கள். தொட்டி வெப்பமேற ஏற, அந்தப் பக்கத்து அழுத்தமும் பினாங்கு வெயிலின் கணக்குக்கு ஏறிவிடும். நின்றுபோன ஆலை சாதுவான ஆலை இல்லை.

30 டிகிரியில் இருக்கும் திரவம் வெளியே பாய்ந்தால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகிறது. அந்த ஆவி மிச்சத் திரவத்தை நுண்துளியாகச் சிதறடித்துக்கொண்டு போகிறது. ‘அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும்’ என்று பாடத்தில் படித்தது இங்கேதான் ஆளை ஏமாற்றும். வாயு லேசுதான். ஆனால் குளிர்ந்த துளிகளும் நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்த வெள்ளைப் புகைமேகம் கனமானது. தரையோடு ஊர்ந்து போகும், வாய்க்காலில் இறங்கும், லோரி நிறுத்துமிடத்தில் தேங்கும்.

நாற்றத்தை வைத்து அளவு சொல்ல முடியாது. 5 பிபிஎம் (பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவிலேயே பலருக்கு மூக்கில் ஏறும். தினம் 8 மணி நேர வேலைக்கு மலேசிய விதி அனுமதிக்கும் சராசரி வரம்பு 25 பிபிஎம். 300 பிபிஎம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்த கோடு. அதற்கு மேல் ஃபில்டர் முகமூடியோடு வேலை செய்யக் கூடாது. 5,000 பிபிஎம் அளவில் மூச்சுக்குழல் இறுகிச் சில நிமிடங்களில் சாவு நேரலாம். பல வருடம் மெஷின் ரூமில் இருந்தவருக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். ‘எனக்கு நாற்றமே தெரியலையே’ என்று அவர் சொல்வதை நம்பிக் கதவைத் திறக்காதீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் மெஷின் ரூம் 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்; 400 கன மீட்டர். ஒரு கிலோ அமோனியா ஆவியானால் ஏறக்குறைய 1.46 கன மீட்டர் வாயு. அறை முழுக்கப் பரவினால் 3,600 பிபிஎம். ஒரே கிலோ! 300 என்ற கோட்டைப் போல் 12 மடங்கு. அதே அறையில் 41 கிலோ கசிந்தால் காற்றில் 15 சதவீதம் அமோனியா. அது தீப்பற்றும் எல்லை. கம்ப்ரசர் எண்ணெயின் ஆவியும் கலந்திருந்தால் தீப்பற்றுவது இன்னும் எளிது. ஒரு முழு சிலிண்டரில் இதைவிட அதிகம் இருக்கிறது. உங்கள் அறையின் அளவை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள்.

எண்ணெய் வடித்தல்

கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் எண்ணெய் எப்போதும் அமோனியாவோடு கிளம்பிவிடும். எண்ணெயைப் பிரிக்கும் செப்பரேட்டரால் முழுவதையும் பிடிக்க முடியாது. எண்ணெய் அமோனியாவில் கரையாது, அதைவிடக் கனம். ஆகவே ரிசீவர், அக்கியுமுலேட்டர், காயில் எல்லாவற்றின் அடியிலும் போய்ப் படியும். வடிக்காமல் வைத்திருந்தால் குளிர் குறையும், மின்கட்டணம் ஏறும். வடித்தே ஆக வேண்டும். ஆனால் எண்ணெய்க்கு நேர் மேலே நிற்பது திரவ அமோனியா. வடிகாலில் எண்ணெய் தீர்ந்த மறுநொடி வருவது அதுதான்.

பாத்திரத்தின் அடியிலிருந்து நேராக வாளிக்கு எண்ணெய் வடிக்கும் ஆலை இன்னும் இருந்தால், இந்த வழிகாட்டியின் மற்ற பகுதிகளைப் படிக்கும் முன் அங்கே ஓர் ஆயில் பாட்டும் (எண்ணெயைத் தனியே இறக்கி வடிக்கும் சிறு பாத்திரம்), அதன் வாயில் கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வும் பொருத்தச் சொல்லுங்கள். ஆலையில் செய்யக்கூடிய திருத்தங்களில் மலிவானது இது. பலன் மிக அதிகம்.

ஆயில் பாட் உள்ள ஆலையில் செய்முறை:

1. இருவராகப் போங்கள். ஒருவர் வடிப்பவர். இன்னொருவர் கதவருகே, அவசர நிறுத்தப் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் நிற்பவர். அவருக்கு வேறு வேலை இல்லை, கைப்பேசியும் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். தண்ணீர் ஹோஸை முதலிலேயே திறந்து ஓடவிடுங்கள். தேவைப்படும்போது குழாயைத் தேடும் நிலை வரக் கூடாது. வடிப்பவருக்கு முழுமுக முகமூடி, அமோனியாவுக்கான பச்சைப் பட்டை ‘கே’ வகை ஃபில்டர், பியூட்டைல் அல்லது நியோப்ரீன் ரப்பர் கிளவுஸ், பூட்ஸ். முகமூடி முகத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் தொங்கினால் அது அலங்காரம்.

2. ஆயில் பாட்டின் மேலிருந்து சக்‌ஷன் பக்கம் (கம்ப்ரசர் வாயுவை இழுக்கும் குறைந்த அழுத்தப் பக்கம்) போகும் வென்ட் வால்வைத் திறந்து, பிறகு பாத்திரத்திலிருந்து பாட்டுக்கு வரும் எண்ணெய் வால்வை மெதுவாகத் திறங்கள். எண்ணெய் இறங்கியதும் அந்த எண்ணெய் வால்வை மூடுங்கள். வென்ட் திறந்தே இருக்கட்டும்.

3. காத்திருங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் சுருக்குகிறார்கள். பாட்டுக்குள் எண்ணெயோடு வந்த திரவ அமோனியா அறையின் சூட்டில் கொதித்து சக்‌ஷனுக்குத் திரும்பிப் போக வேண்டும். வெளியே படிந்த பனி அடிவரை உருகி, பாட் அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். ஒரு மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். மாலையில் இறக்கி மறுநாள் காலையில் வடிப்பது நல்ல பழக்கம். அவசரமென்றால் பாட்டின் மேல் வெதுவெதுப்பான தண்ணீரை விடலாம். டார்ச் தீயைக் காட்டவே கூடாது.

4. வென்டை மூடி, கேஜைப் பதினைந்து நிமிடம் பாருங்கள். ஏறினால் உள்ளே இன்னும் திரவம் இருக்கிறது. வென்டைத் திறந்து திரும்பக் காத்திருங்கள். நிலையாக நின்றால் மட்டுமே அடுத்த படி. லேசான அழுத்தம் இருப்பது நல்லது, எண்ணெயைத் தள்ள அதுவே போதும்.

5. காற்று முதுகிலும், வெளியேறும் வழி பின்னாலும் இருக்கும்படி ஒரு பக்கமாக நில்லுங்கள். வடிகாலில் இரண்டு வால்வு வரிசையாக இருக்கும். ஸ்பிரிங் வால்வு மூடியிருக்க, கை வால்வைத் திறங்கள். பிறகு ஸ்பிரிங் வால்வின் லீவரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். எண்ணெய் அமைதியாக ஒழுகினால் சரி. நுரைத்தாலும் துப்பினாலும் கையை எடுத்துவிடுங்கள்.

6. முடிந்ததும் கை வால்வை மூடி, வாயில் பிளக் போடுங்கள். எத்தனை லிட்டர் வந்தது என்று எழுதி வையுங்கள். கம்ப்ரசரில் நீங்கள் ஊற்றிய கணக்கோடு ஒப்பிட்டால், எண்ணெய் எங்கே தேங்குகிறது என்று தெரியும். வடித்த எண்ணெயில் அமோனியா இன்னும் இருக்கும். மூடிய அறையில் வைக்காமல் வெளியே காற்றாட வையுங்கள்.

இதில் தவறு நேரும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். குளிர்ந்த எண்ணெய் தேன்போல் கெட்டியாகி வடிகாலில் அடைத்துக்கொள்கிறது. ஒன்றும் வரவில்லையே என்று வால்வை முழுக்கத் திறக்கிறார்கள். அல்லது கம்பியால் குத்துகிறார்கள். அடைப்பு விட்டதும் பின்னாலிருந்த திரவம் பாய்கிறது. திறந்த வால்வு அந்த வெண்மேகத்துக்கு நடுவே இருக்கிறது, மூடப் போக வழியில்லை. ஸ்பிரிங் வால்வு இருந்தும் கை வலிக்கிறது என்று லீவரைப் பைண்டிங் கம்பியால் கட்டி வைத்ததைப் பார்த்தால், அந்தக் கம்பியை அறுத்துவிட்டு அன்றைய வேலையையே நிறுத்துங்கள். அந்த வால்வின் உயிர் அந்த ஸ்பிரிங்தான்.

வால்வை மூடும்போதும் ஆபத்துதான்

இரண்டு வால்வுக்கு நடுவே குழாய் முழுக்கத் திரவம் சிக்கிக்கொண்டால், அது விரிய இடமில்லை. குளிர்ந்த திரவம் அறைச் சூட்டுக்கு ஏறும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் 10 பாருக்கும் (ஒரு பார் சுமார் 14.5 பிஎஸ்ஐ) மேல் ஏறும். பத்து டிகிரி ஏறினாலே குழாய், கேஸ்கெட், வால்வு உடல் எது பலவீனமோ அது பிளக்கும். யாரும் தொடாமலேயே ‘திடீரென்று வெடித்தது’ என்று சொல்லப்படும் பல சம்பவங்களுக்குப் பின்னால் யாரோ சில மணி நேரம் முன்பு மூடிய ஒரு வால்வு இருக்கிறது.

முறை எளிது. திரவம் வரும் பக்கத்து வால்வை முதலில் மூடுங்கள். கீழ்ப்பக்கம் திறந்திருக்க, நடுவிலுள்ள திரவம் கொதித்துக் குறைந்த அழுத்தப் பக்கம் போய்த் தீரட்டும். குழாயின் பனி உருகிய பிறகே கீழ் வால்வை மூடுங்கள். மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வும் ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வும் வரிசையாக உள்ள இடங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். மின்சாரம் போனால் சோலனாய்டு தானே மூடிக்கொள்ளும். உங்களைக் கேட்காமல் திரவத்தைச் சிறைப்பிடிக்கும். அத்தகைய துண்டுகளில் அழுத்தத்தைக் குறைந்த பக்கத்துக்கு விடும் சின்ன ரிலீஃப் வால்வு இருக்க வேண்டும். ஆலையின் குழாய்ப் படத்தை எடுத்து, இப்படித் திரவம் சிக்கக்கூடிய துண்டுகளைச் சிவப்பு மையால் அடித்தால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை.

சிலிண்டர்

அமோனியா சிலிண்டரின் நிரப்பு விகிதம் லிட்டருக்கு 0.53 கிலோ. 100 லிட்டர் சிலிண்டர் என்றால் 53 கிலோ, அதற்கு மேல் ஒரு கிலோவும் இல்லை. காரணம் இது: சரியாக நிரப்பினால் உள்ளே வாயுவுக்குக் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், சுமார் 65 டிகிரி ஆனால்தான் திரவம் விரிந்து அதை அடைக்கும். அதே சிலிண்டரில் 58 கிலோ அடைத்தால் 40 டிகிரியிலேயே திரவம் சிலிண்டரை முழுக்க நிறைத்துவிடும். பட்டர்வொர்த் வெயிலில் தார்ப்பாய் மூடி நிற்கும் லோரிக்கு அந்த 40 டிகிரி பெரிய விஷயமில்லை. ஆகவே இறக்கும்போதே ஒவ்வொரு சிலிண்டரையும் தராசில் ஏற்றுங்கள். தோள்பட்டையில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழியுங்கள். அதிகமென்றால் இறக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ஆலையிலிருந்து அமோனியாவைச் சிலிண்டருக்குத் திரும்ப எடுக்கும்போது இதே தவறு இன்னும் எளிதாக நடக்கும். குளிர்ந்த சிலிண்டருக்குள் திரவம் தானாகப் போய்க்கொண்டே இருக்கும், கேஜ் எச்சரிக்காது. தராசு ஒன்றே சொல்லும்.

மாட்டும்போது: அமோனியாவுக்கென்று முத்திரையிட்ட ஹோஸ், அதில் மாற்ற வேண்டிய தேதியும் இருக்கும். கேஸ் அடுப்புக் குழாய் உதவாது. பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய பாகம் எதுவும் வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்த அமோனியா அவற்றை அரித்துவிடும். கடையில் அவசரத்துக்கு வாங்கிய பித்தளை நிப்பிள் ஒன்று போதும், முழு வேலையையும் கெடுக்க. ஆலைக்குத் திரவம் ஏற்றி முடித்ததும் முதலில் சிலிண்டர் வால்வை மூடி, ஹோஸில் உள்ளதை ஆலை இழுத்துக்கொள்ள விட்டு, பிறகு ஆலைப் பக்கத்தை மூடுங்கள். இங்கும் அதே சட்டம்தான்: திரவத்தை நடுவில் சிக்கவைக்காதே.

சிலிண்டர் வால்வு கசிந்தால், முடிந்தால் கசியும் இடம் மேலே வரும்படி சிலிண்டரைத் திருப்புங்கள். அப்போது வருவது திரவமில்லை, வாயு. கசிவு ஒரு சிறு பங்காகச் சுருங்கும். சிலிண்டரின் மேல் தண்ணீர் அடித்தால் திரவத்துக்குச் சூடு கொடுத்ததாகும், கசிவு கூடும்.

ஹோஸ் முனையைத் தண்ணீர் டிரம்மில் விட்டு மிச்ச வாயுவைக் கரைக்கும் பழக்கம் நம் ஆலைகளில் பரவலாக இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் தன்னைப்போல் ஏறக்குறைய 700 மடங்கு அமோனியா வாயுவை விழுங்கும். அழுத்தம் தீர்ந்த கணத்தில் அது ஹோஸுக்குள்ளிருக்கும் வாயுவையும் விழுங்கி, வெற்றிடம் உண்டாக்கி, டிரம் தண்ணீரை அப்படியே ஆலைக்குள் உறிஞ்சிவிடும். செக் வால்வு போடுங்கள். கேஜ் பூஜ்யத்துக்கு வரும் முன்பே வால்வை மூடுங்கள்.

நைட்ரஜனும் ஆக்ஸிஜனும்

பழுதுபார்த்த குழாயைச் சோதிக்க நைட்ரஜன். 50 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தம், விரித்தால் 10 கன மீட்டர். ரெகுலேட்டர் இல்லாமல் அதை ஆலைக்கு மாட்டுவது கொலைமுயற்சி. ரெகுலேட்டரின் திருகு முழுக்கத் தளர்ந்திருக்க, பக்கவாட்டில் நின்று, சிலிண்டர் வால்வை மெல்லத் திறங்கள். சோதனைக் குழாயில் ஒரு ரிலீஃப் வால்வு இருக்கட்டும். பாத்திரத்தின் வடிவமைப்பு அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சோப்புத் தண்ணீர் பூசிப் பாருங்கள்.

நைட்ரஜன் தீர்ந்துவிட்டதென்று பக்கத்தில் நிற்கும் ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டுவதைப் பற்றி ஒரு வரி: எண்ணெய் படிந்த குழாயில் அழுத்தமுள்ள ஆக்ஸிஜன் ஏறினால் தீப்பொறியே இல்லாமல் வெடிக்கும்.

நைட்ரஜனுக்கு நாற்றம் கிடையாது. அமோனியா விரட்டும், நைட்ரஜன் தூங்க வைக்கும். பாத்திரத்துக்குள்ளோ பள்ளத்துக்குள்ளோ இறங்க வேண்டுமென்றால் அது மூடிய இடம். 2010-இன் மலேசிய நடைமுறை விதிப்படி பயிற்சி பெற்ற காஸ் டெஸ்டர் அளந்து, ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டுமே ஆள் இறங்கலாம், மேலே ஒருவர் காவலுக்கு நிற்க.

மெதுவாக வரும் ஆபத்துகள்

நம் ஊரில் குழாயைத் தின்பது உள்ளே ஓடும் அமோனியா அல்ல, வெளியே உள்ள ஈரம். குளிர்க்குழாயின் இன்சுலேஷன் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், உள்ளே வியர்த்து, கடல் காற்றின் உப்பும் சேர்ந்து, மூடிய போர்வைக்குள்ளேயே இரும்பு கரையும். இன்சுலேஷன்மேல் ஐஸ் கட்டியிருக்கும் இடம், தொங்கும் இடம், தாங்கிகளின் மேல் அமரும் இடம் மூன்றையும் வெட்டித் திறந்து குழாய்ச் சுவரின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள்.

எஃகுப் பாத்திரத்தில் ஈரமே இல்லாத அமோனியாவும் காற்றும் சேர்ந்தால் மயிரிழை விரிசல்கள் தோன்றும். அதைத் தடுக்கத்தான் சேமிப்புத் தொட்டிகளில் 0.2 சதவீதம் தண்ணீர் சேர்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் பொட்செஃப்ஸ்ட்ரூமில் 1973 ஜூலையில் ஒரு சேமிப்புத் தொட்டியின் முனை நொறுங்கி 18 பேர் இறந்தார்கள். அங்கே எஃகே கண்ணாடிபோல் நொறுங்கும் நிலையில் இருந்தது.

உப்புத் தண்ணீர்த் தொட்டியையும் கவனியுங்கள். காயிலில் ஊசித்துளை விழுந்தால் அமோனியா அந்தத் தண்ணீரில் கரையும். பிஎச் ஏறும், நாற்றம் வரும். அப்போது நிறுத்திப் பழுதுபார்ப்பதே வழி. கனடாவின் ஃபெர்னி நகரப் பனிச்சறுக்கு அரங்கில் உப்புநீருக்குள் கசிவு இருப்பது தெரிந்தும் சில்லரைத் திரும்ப ஓட்டினார்கள். 2017 அக்டோபர் 17-இல் உப்புநீர்க் குழாயின் இணைப்பு பிரிந்து அமோனியா அறைக்குள் பாய்ந்து மூவர் இறந்தார்கள்.

குளிர்க்கிடங்கில் சூடான வாயுவை விட்டு காயிலின் பனியை உருக்கும் வேலையில் இன்னொரு கண்ணி உண்டு. சூடான உயர் அழுத்த வாயுவும் குளிர்ந்த திரவமும் திடீரென்று சந்தித்தால் திரவத் துண்டு தோட்டாபோல் ஓடிக் குழாய் முனையில் மோதும். அமெரிக்காவின் அலபாமாவில் 2010 ஆகஸ்ட் 23 அன்று, மின்தடைக்குப் பிறகு பனியுருக்கும் சுற்றை இடையிலேயே கையால் நிறுத்தித் திரும்பக் குளிரூட்டப் போனபோது இப்படித்தான் காயிலும் குழாயும் பிளந்தன. சுமார் 14,500 கிலோ வெளியேறியது. கிடைக்கும் பாடம்: உருக்கும் சுற்று முடியாமல் நின்றால், காயிலின் அழுத்தத்தைச் சின்ன வால்வு வழியாக மெல்ல இறக்கிவிட்டே பெரிய சக்‌ஷன் வால்வைத் திறக்க வேண்டும்.

கசிவு வந்துவிட்டால்

டிடெக்டர் 25 பிபிஎமில் எச்சரிக்க வேண்டும், 150-இல் அவசர ஃபேனை முழு வேகத்தில் ஓட்ட வேண்டும். ஃபேன் சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே போய்த்தான் போட வேண்டுமென்றால் அது சுவிட்ச் இல்லை.

காற்று எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். கூரையில் ஒரு காற்றுத்துணி எல்லா ஆலைக்கும் வேண்டும். கடலோர ஆலையில் பகலில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசும், இரவில் திரும்பும். அதாவது பகல் கசிவு பக்கத்துத் தாமானுக்குப் (குடியிருப்புக்குப்) போகும், இரவுக் கசிவு படகுத்துறைக்குப் போகும். கூடும் இடம் ஒன்று போதாது; எதிரெதிர்த் திசையில் இரண்டு குறியுங்கள்.

மேகத்துக்குள் போகாமல், காற்றுக்குக் குறுக்காக விலகி, காற்று வரும் பக்கம் நடந்து வெளியேறுங்கள். வாயில் ஈரத்துணி கட்டிக்கொண்டால் கொஞ்ச நேரத்துக்கு உதவும். சின்னக் கசிவானாலும் சுற்றிலும் 30 மீட்டர் காலி செய்யுங்கள். காற்று போகும் திசையில் பகலில் 100 மீட்டரும் இரவில் 200 மீட்டரும். பெரிய கசிவுக்கு இது போதாது. 999-ஐ அழைத்து போம்பாவிடம் (தீயணைப்புத் துறையிடம்) மூன்று விஷயம் சொல்லுங்கள்: அமோனியா (ஐக்கிய நாடுகள் எண் 1005), ஆலையில் மொத்தம் எத்தனை கிலோ, உள்ளே யாராவது இருக்கிறார்களா.

வெளியிலிருந்தே எட்ட முடிந்தால் மட்டும்: கசிவு குறைந்த அழுத்தப் பக்கம் என்றால் ரிசீவரின் வெளிவாயிலில் உள்ள கிங் வால்வை மூடி, கம்ப்ரசரைக் கொஞ்சம் ஓடவிட்டால் கசியும் பக்கத்தின் அழுத்தம் இறங்கும். உயர் அழுத்தப் பக்கம் என்றால் கம்ப்ரசரை நிறுத்துங்கள், கண்டென்சர் தண்ணீர் ஓடட்டும். எந்தப் பக்கமென்று தெரியாவிட்டால் அவசரப் பொத்தானை அடித்துவிட்டு வெளியேறுங்கள். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது பொங்கி ஆவியாகும். தண்ணீர்த்திரை போடுவது மேகத்துக்கு, அதுவும் காற்று போகும் பக்கத்தில். அந்தத் தண்ணீரைக் கழிவு வாய்க்காலில் விட்டால் ஆற்றில் மீன் செத்து மிதக்கும். மணல் மூட்டையால் தடுத்துத் தேக்குங்கள்.

விழுந்தவரைத் தூக்க முகமூடி மட்டும் போட்டு ஓடாதீர்கள். 300 பிபிஎமுக்கு மேல் காற்றுச் சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி வேண்டும். அடர்ந்த மேகத்துக்கு உடல் முழுவதும் மூடும் வாயு புகாத உடையும் வேண்டும். அமோனியா வியர்வையைத் தேடும்: அக்குள், தொடை இடுக்கு, கழுத்து. அங்கேதான் முதலில் எரியும்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு: மேகம் ஏற்கெனவே தெருவில் இருந்தால் கதவு ஜன்னலை அடைத்து, ஏர்கோன், ஃபேனை நிறுத்தி உள்ளேயே இருப்பது மேல். சென்னை எண்ணூரில் 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாய் கசிந்தபோது மக்கள் நாற்றத்தில் விழித்துத் தெருவுக்கு ஓடினார்கள். ஓடும் ஒவ்வொரு மூச்சிலும் இன்னும் அதிகம் உள்ளே போகும். தாமான் சங்கத்தோடு வருடம் ஒருமுறை இதைப் பேசி வைப்பது ஆலையின் வேலை.

உடலில் பட்டால்

கண்: உடனே தண்ணீர். அமோனியா காரம், அமிலம்போல் மேலே நிற்காமல் கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே போகும். இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் கழுவுங்கள். மருத்துவமனை போகும் வழியிலும் கழுவிக்கொண்டே போகலாம். கண் கழுவும் தொட்டி 10 நொடி நடையில் இருக்க வேண்டும், வெயிலில் கொதிக்கும் குழாயில் இணைத்திருக்கக் கூடாது.

தோல்: திரவம் பட்டால் உறைபனிக் காயமும் காரக் காயமும் ஒன்றாக வரும். உடை தோலோடு உறைந்து ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். தண்ணீரை ஊற்றி இளகவிட்டுக் கழற்றுங்கள். எண்ணெய், களிம்பு, வினிகர் எதுவும் வேண்டாம்.

மூச்சு: வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, பயிற்சி பெற்றவர் இருந்தால் ஆக்ஸிஜன். குரல் கம்மினால், விழுங்கச் சிரமப்பட்டால் தொண்டை வீங்குகிறது என்று பொருள். ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும் நேரமில்லை. ‘இப்போ பரவாயில்லை அண்ணே, வீட்டுக்குப் போறேன்’ என்பவரையும் விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும். 24 மணி நேரக் கண்காணிப்பு கேளுங்கள். மருத்துவருக்குச் சந்தேகமிருந்தால் ஆலோசனை சொல்ல, பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது.

காகிதம், பிறகு மறுதொடக்கம்

ரிசீவர் உட்பட ஒவ்வொரு அழுத்தப் பாத்திரத்துக்கும் பிஎம்டி எனப்படும் அரசுப் பதிவெண்ணும் காலாவதியாகாத தகுதிச் சான்றிதழும் இருக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் பழைய தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் இல்லை; எல்லாம் 1994-இன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். அதே நாளிலிருந்து ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்தென்று நியாயமாக நம்பி, முதலாளி நடவடிக்கை எடுக்காதபோது அந்த இடத்தைவிட்டு விலக தொழிலாளிக்கு உரிமையும் உண்டு. எச்சரிக்கைப் பலகை மலாயில் மட்டும் இருந்தால் போதாது. இரவு ஷிஃப்டில் நிற்பவர் வங்காளியோ நேபாளியோ என்றால் அவர் மொழியிலும் எழுதுங்கள்.

கசிவு நின்று, அளவு 25 பிபிஎமுக்குக் கீழே வந்தாலும் உடனே ஓட்டாதீர்கள். இன்சுலேஷன், உடைமாற்றும் அறை, எண்ணெய் படிந்த மூலை என எல்லாவற்றிலும் அமோனியா ஒளிந்திருக்கும். ஈரமாக்கிய சிவப்பு லிட்மஸ் தாளைப் பிடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள், நீலமானால் கசிவு. சேஃப்டி வால்வு ஒருமுறை திறந்திருந்தால் அதன் இருக்கையில் துகள் படிந்திருக்கும். திரும்ப இறுக்கமாக மூடாது. அதைக் கழற்றி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் கணக்கு இன்னும் முடியாவிட்டாலும், புதியதை மாட்டிவிட்டு ஆலையைத் தொடங்குங்கள்.